மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை

அக்கா,

தையல் மிஷினுக்கு மேலே தொங்குகிற பல்பு இரண்டு நாளாக எரியவில்லை. புதிதாக ஒன்று வாங்கலாம் என்று இன்று காலை பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கிற எலக்ட்ரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எனக்கு முன்னால் வந்த ஒருவருக்கு டி.வி. ரிமோட் விற்றுக்கொண்டிருந்தார். "வேல செய்யுதான்னு பாத்துக் குடுங்கண்ணே" என்று அந்த ஆள் கேட்டார். கடைக்காரர் தன் செல்போனில் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேரே காட்டி ஒரு பட்டனை அமுக்கினார். போன் திரையில் வெளிர் ஊதாவாக ஒரு புள்ளி துடித்துவிட்டு அணைந்தது. வெறுங்கண்ணால் ரிமோட்டைப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. கேமராவுக்கு மட்டும் தெரிகிற வெளிச்சம் அது.

நான் பல்பு வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். "என்னம்மா வேணும்?" என்று கடைக்காரர் கேட்டது காதில் விழுந்தது. இப்போதெல்லாம் எனக்கு இப்படித்தான் ஆகிறது. எதையாவது தொடங்குகிறேன், பாதியில் கை ஓய்ந்துபோகிறது, வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறேன். நீ இருந்திருந்தால் "ஏட்டி, போன வேலைய முடிக்காம வந்து நிக்கியே" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டிருப்பாய். அந்தச் சத்தத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

கூமாப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்த காலத்தில் உனக்கு மணி தேவைப்பட்டதே இல்லை. சமையல்கட்டு வாசலில் நின்று "தட்டக் கழுவிட்டு வரிசைக்கு வாங்க" என்று ஒரு குரல் கொடுத்தால், மைதானத்தின் கோடியில் விளையாடுகிற பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடி வரும். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் வத்திராயிருப்பு தாண்டிக் கூமாப்பட்டி போய்ச் சேருகிற வரை உன் பேச்சு நிற்காது. மெதுவாகப் பேசும்படி கண்டக்டரே சொல்வாராம். "எனக்குத் தொண்டைய அடக்கத் தெரியாதுப்பா, நீ வேணும்னா விசில மெதுவா ஊது" என்று நீ சொன்னதாக நீயே வந்து சொல்லிச் சிரிப்பாய். அந்த நோய் முதலில் பிடித்தது அப்படிப்பட்ட தொண்டையைத்தான். பேச்சு குழைந்தது. பிறகு கையிலிருந்து டம்ளர் நழுவியது. பிறகு நடை தடுமாறியது. இது நரம்பில் வருகிற நோய், மருந்தில் திரும்பாது என்று மதுரை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்த என் முகத்தைப் பார்த்துவிட்டு, குழறுகிற வாயோடு "வா, டீ குடிப்போம்" என்றாய். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் தெரிந்துகொள்கிற பழக்கம் உனக்கு அப்போதே இருந்திருக்கிறது. எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

உனக்குப் பிள்ளை இல்லை. அத்தான் போய்ப் பல வருடம் ஆயிற்று. நான் ராஜபாளையத்தில் என் தையல் கடையைப் பூட்டிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் வீட்டோடு வந்து இருந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தனியாகப் பொங்கித் தின்று மில்லுக்குப் போய்க்கொண்டு, வார விடுமுறையில் மட்டும் வந்து போனார். 'நீ இல்லாம வீடு வீடா இல்ல' என்று ஒரு நாளும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கும் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். அது எங்கள் கதை, இங்கே வேண்டாம்.

நாளாக ஆக உனக்கு மிச்சம் இருந்தது வலது கைப் பெருவிரலும் கண்ணும், எப்போதாவது குழறி வருகிற இரண்டொரு சொல்லும்தான். முதலில் அந்த விரலுக்கு எட்டுகிற மாதிரி ஒரு அழைப்பு மணி வைத்தோம். மணி அடித்ததும் நான் ஓடி வந்து, தண்ணியா, வலியா, ஃபேனா, திருப்பிவிடவா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். சரியானதைச் சொல்லும்போது நீ கண்ணை மூடித் திறப்பாய். சில நாள் பத்துக் கேள்வி கேட்டும் அது வராது. நான் எரிந்து விழுவேன். உன் கண்ணில் நீர் கட்டும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அவர் அந்த யோசனையோடு வந்தார். மில்லில் அவருக்கு மெஷின்களின் மின்கருவிகளைப் பார்க்கிற வேலை என்பது உனக்குத் தெரியும். நூல் அறுந்தால் தானே கண்டுபிடித்து மெஷினை நிறுத்துகிற சின்னச் சின்னக் கண்களோடு பழகிய மனிதர். ஆபீசில் கழித்துப்போட்ட பழைய லேப்டாப் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அதன் விலாவில் கருஞ்சிவப்பாக, நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. "ரிமோட்டு வெளிச்சம் போறதுக்குன்னே இதுல வழி வச்சிருக்கான் மதினி. இனி கவலைய விடுங்க" என்று உன்னிடம் பெருமையாகச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டி.வி. ரிமோட்டை அந்த ஜன்னலுக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லேப்டாப் அசையவில்லை.

அந்த ஜன்னல் வேறு காரியத்துக்கு வைத்தது என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டார். பழைய செல்போனையும் லேப்டாப்பையும் எதிரெதிரே வைத்தால் படம், விலாசம் எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளுமாம். அதுவும் கண்ணுக்குத் தெரியாத அதே வெளிச்சம்தான். ஆனால் பேச்சு வேறு. டி.வி. ரிமோட் பேசுவது அதற்கு விளங்காது. நல்ல நேரத்தில் உனக்கு அப்போதும் இரண்டு மூன்று சொல் சேர்த்துச் சொல்ல முடிந்தது. "பக்கத்து வீட்டுத் தெலுங்கு... மாதிரியா... தம்பி?" என்று கேட்டாய். அவர் சிரித்துவிட்டார். "அதேதான் மதினி. சத்தம் கேக்கும், அர்த்தம் புரியாது" என்றார்.

அடுத்த வாரம் பென்டிரைவ் போல ஒன்றைக் கொண்டுவந்து லேப்டாப்பில் செருகினார். அதன் நுனியில் கறுப்பாக ஒரு உருண்டைக் கண், பக்கத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு. உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் விளக்கிச் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உனக்கு எதையும் அரைகுறையாகச் சொன்னால் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும்.

"ரிமோட்டு மூக்குல இருக்க பல்பு சும்மா எரியாது மதினி. ஒரு செகண்டுக்கு முப்பத்தெட்டாயிரம் தடவ அணைஞ்சு அணைஞ்சு எரியும். டியூப்லைட்டு வெளிச்சம் எம்புட்டு இருந்தாலும் இந்தக் கண்ணு சட்ட பண்ணாது. இந்த வேகத்துல துடிக்கித வெளிச்சம் வந்தாத்தான் கவனிக்கும். அந்தத் துடிப்பையும் விட்டு விட்டு அனுப்புவான். நடுவுல உள்ள இடைவெளி நீளமா இருந்தா ஒண்ணு, குட்டையா இருந்தா சைபர். எல்லாத்தையும் கோத்தா ஒரு நம்பர் வரும். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு நம்பர்."

"லேப்டாப்பு... பாக்குமா?" என்று கேட்டாய்.

"லேப்டாப்புக்கு வெளிச்சமும் தெரியாது, ரிமோட்டும் தெரியாது. இந்தக் கண்ணு நம்பரப் படிச்சு உள்ள சொல்லும். இன்ன நம்பர் வந்தா இன்ன சத்தத்தப் போடுன்னு நான் எழுதி வச்சிருதேன். அம்புட்டுதான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ரிமோட்டு அனுப்பும், ஆனா அதுக்குப் பதில் வராது. போய்ச் சேந்துச்சான்னு நீங்கதான் பாக்கணும். சேந்தா இந்தச் செவப்பு லைட்டு மினுக்கும்."

அடுத்து, எந்தச் சத்தம் என்பதுதான் பேச்சாயிற்று. கம்ப்யூட்டரே பேசுகிற தமிழைப் போட்டுக் காட்டினார். நீ முகத்தைச் சுளித்தாய். உன் குரலில் பதிவு செய்யலாம் என்றால் காலம் கடந்திருந்தது. குரல் நன்றாக இருந்த நாளில், அதைப் பிடித்து வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு சத்தம் இருந்த வீட்டில் அது தீர்ந்துபோகும் என்று யார் நினைப்பார்கள்? நான் எப்போதோ உன் வீட்டுக்கு வந்திருந்தபோது நீ அனுப்பிய ஒரு குரல் செய்தி மட்டும் என் போனில் இருந்தது. 'ஏட்டி, பஸ்ஸு வரல, சோத்த நீயே வடிச்சிரு.' அதில் முதல் சொல்லை மட்டும் அவர் வெட்டி எடுத்து, ஐந்தாம் எண்ணுக்குக் கொடுத்தார். மற்ற எண்களுக்கெல்லாம் என் குரல். தண்ணி வேணும், திருப்பிப் படுக்க வை, வலிக்கி, ஃபேனக் கூட்டு, ஒண்ணுக்கு வருது, சரி, வேண்டாம். ஒரு மத்தியானம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அன்றைக்கு எனக்கு நல்ல தலைவலி. அந்த எரிச்சல் ஒவ்வொரு சொல்லிலும் ஏறிவிட்டது. முதன்முதலில் நீ ஒன்றாம் எண்ணை அமுக்கியபோது, லேப்டாப்புக்குள்ளிருந்து நானே என்னை "தண்ணி வேணும்" என்று அதட்டினேன். நீ சிரித்த சிரிப்பில் உன் வாயோரம் எச்சில் வழிந்தது. மாற்றிப் பதியலாம் என்று சொன்னேன். நீ "வேண்டாம்" என்ற பட்டனை அமுக்கினாய். அதுவும் எரிச்சலோடுதான் சொன்னது.

எதிர்வீட்டு சரோஜா மதினி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, நீயே தண்ணி கேக்க, நீயே 'இந்தா வாரேன்'ங்க. உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவரை உள்ளே கூப்பிட்டு லேப்டாப்பைக் காட்டினேன். காட்டியது வம்பாகப் போயிற்று. அவர் வீட்டு டி.வி.யும் அதே கம்பெனி. நம் வாசலுக்கு நேரே அவர் வாசல், நடுவில் ஒரு குறுகிய சந்துதான். இரண்டு கதவும் திறந்திருந்தால் உன் ரிமோட் வெளிச்சம் லேப்டாப்பைத் தாண்டி அவர் கூடம் வரைக்கும் போகிறது. நீ புரண்டு படுக்க வேண்டும் என்று இரண்டாம் எண்ணை அமுக்கினால், அங்கே தொடரின் நடுவில் சேனல் மாறிவிடும். பேய் என்று நினைத்து டி.வி.க்குத் திருநீறு பூசியிருந்தாராம். காரணம் தெரிந்த பிறகு சந்தோஷமாகத் தன் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் நீ விடவில்லை. கதவு திறந்திருக்கிற நேரம் பார்த்து வேண்டுமென்றே அமுக்குவாய். "ஏய், அங்க என்ன சேட்ட?" என்று சந்துக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும். உனக்கு விளையாட முடிந்த காலம் அது. எனக்கும் கூடச் சேர்ந்து சிரிக்க முடிந்தது.

தை மாதத்தில் ஒரு வாரம் காலை வேளைகளில் லேப்டாப் ஊமையாகிவிட்டது. உன் விரல் அசைவதைப் பார்க்கிறேன், சத்தம் வரவில்லை. விரலுக்கு வலு குறைந்துகொண்டே போகிறது, அதனால்தான் காலையில் பட்டன் அமுங்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். இனி அந்த ஒரு விரலும் இல்லை என்றால் நீ உள்ளேயே அடைபட்டுப்போவாய் என்று நினைத்து, அடுக்களையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நீ கட்டிலில் என்ன நினைத்தாயோ. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து, செல்போன் கேமராவை ரிமோட்டுக்கு நேரே பிடித்து, "அமுக்குங்க மதினி" என்றார். திரையில் ஊதாப் புள்ளி துடித்தது. "வெரலு நல்லாத்தான் இருக்கு. வெயில்தான் வெனை" என்றார். உன் தலைமாட்டு ஜன்னல் வழியாக இறங்குகிற வெயில் நேரே அந்தக் கறுப்புக் கண்ணில் விழுந்திருக்கிறது. வெயிலிலும் அந்த வெளிச்சம் ஏராளமாக இருக்கிறதாம். கண் கூசிப்போய் ரிமோட்டின் துடிப்பைப் பிரித்தறிய முடியவில்லை. ஜன்னலுக்கு என் பழைய சேலை ஒன்றைத் திரையாகத் தைத்துப் போட்டேன். மறுநாள் காலை எட்டரைக்கு என் குரல் "ஒண்ணுக்கு வருது" என்றது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் மூத்திரப் பேசினை எடுத்துக்கொண்டு ஓடியதில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் நல்லவளாக எழுந்து போய்விடலாம். முடியவில்லை.

மாதங்கள் போகப் போக உன் விரல் போய்வருகிற தூரம் குறைந்தது. எட்டு பட்டன், பிறகு ஐந்து, பிறகு மூன்று. ஒவ்வொரு முறையும் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று உன்னையே கேட்டோம். வலியை விட்டாய். ஃபேனை விட்டாய். கடைசியில் நீ வைத்துக்கொண்டது 'தண்ணி', 'சரி', 'ஏட்டி' என்ற மூன்று. மற்ற தேவைக்கெல்லாம் ஏட்டிதான். உன்னைத் தூக்கிப் புரட்டி என் முதுகு போயிற்று. இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று எனக்கே தெரியாது. உன் பழைய குரல் கணீரென்று "ஏட்டி" என்று கூப்பிடும்போது, முதல் சில வாரம் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். பிறகு அது எரிச்சலாயிற்று. பிறகு பயம். அடுப்பில் பால் வைத்திருக்கும்போது, குளிக்கத் தலையில் தண்ணீர் ஊற்றும்போது, கூப்பிடாதபோதும் அது கேட்டது. 'செத்த நேரம் என்ன விட்டுரேன்' என்று சுவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு ஊட்டி முடித்து உன்னைப் படுக்க வைத்துவிட்டு, உள்ளறையில் பாயை விரித்தேன். படுத்த இரண்டாம் நிமிடம் கூப்பிட்டாய். வந்து தலையணையைச் சரி செய்தேன். மறுபடி படுத்தேன். மறுபடி கூப்பிட்டாய். தண்ணீர். மூன்றாம் முறை வந்தபோது உன் கண் மூடியிருந்தது. கை தவறி அமுங்கியிருக்கிறது. நான் உன்னைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து அந்தக் கறுப்புக் கண்ணின் மேல் போட்டேன்.

வேண்டுமென்றேதான் போட்டேன். லேப்டாப்பை அணைத்திருக்கலாம், ஆனால் அணைத்தால் நான் அணைத்ததாக இருக்கும். துண்டென்றால் நழுவி விழுந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்த நேரத்திலும் அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறேன் பார். சுவரில் மணி இரண்டு. உள்ளே போய் விழுந்தேன். செத்த பிணம் மாதிரி தூங்கினேன்.

கண் விழித்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. எழுந்து ஓடி வந்தேன். நீ விழித்திருந்தாய். உன் பார்வை அந்தத் துண்டின் மேல் இருந்தது. படுக்கை நனைந்து, குளிர்ந்தே போயிருந்தது. எவ்வளவு நேரம் அதில் கிடந்தாயோ. பெருவிரல் மட்டும் பட்டனின் மேல் அப்படியே இருந்தது. நான் துண்டை எடுத்தேன். "துண்டு நழுவி விழுந்திருக்குக்கா, நான் கவனிக்கலையே" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. நீ என்னைப் பார்த்தாய். பிறகு உன் விரல் அசைந்தது, சிவப்பு விளக்கு மினுக்கியது, லேப்டாப் என் குரலில், அந்தப் பழைய தலைவலி எரிச்சலோடு, "சரி" என்றது.

நான் உன்னைத் துடைத்து, விரிப்பை மாற்றி, பவுடர் போட்டுவிட்டு, பின்கட்டுக்குப் போய்த் துண்டைத் துவைத்தேன். அதில் அழுக்கே இல்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தக் கண்ணை நான் மறைக்கவில்லை. இதை உன்னிடம் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். அவரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஏழு மாதம் நீ இருந்தாய். ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும்போது, மூச்சு மெல்லக் குறைந்து நின்றது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அது மட்டும் எனக்குக் கிடைத்தது.

போன மாதம் அவர் அந்த லேப்டாப்பை எடுத்தார். வ. புதுப்பட்டியில் பக்கவாதம் வந்த ஒருவருக்கு, இதே போல் ஏற்பாடு செய்து தர முடியுமா என்று மில்லில் யாரோ கேட்டிருக்கிறார்கள். உன்னுடையதை எல்லாம் அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள் என்று என்னைக் கூப்பிட்டார். எனக்குத் தெரியாத ஒன்று அதற்குள் இருந்தது. வெயிலில் ஊமையானதைச் சரிசெய்த அன்று, இனியும் எந்த நேரத்திலாவது தவறுகிறதா என்று பார்க்க, வந்து சேருகிற ஒவ்வொரு எண்ணையும் நாளோடும் நேரத்தோடும் எழுதி வைக்கும்படி செய்திருக்கிறார். பிறகு அதை நிறுத்த மறந்துவிட்டார். நீ அமுக்கியது எல்லாம் வரி வரியாக இருந்தது. "என்னா சுறுசுறுப்பு பாரு மதினிக்கு" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

நான் அந்த நாளைத் தேடிப் போனேன். அன்றைக்கு இரண்டு மணிக்குச் சற்று முன்னால் அடுத்தடுத்து மூன்று வரிகள். பிறகு ஒன்றுமில்லை. அந்தக் கறுப்புக் கண் மூடியிருந்ததால் எதுவும் வந்து சேரவில்லை. நீ என்ன அமுக்கினாய், எத்தனை தடவை அமுக்கினாய் என்பது எங்கேயும் எழுதப்படவில்லை. மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஒரு 'சரி'. இவ்வளவையும் எதிர்பார்த்துத்தான் போனேன். அடுத்த நாளைப் பார்த்தேன். அதற்கு அடுத்த நாளையும் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன்.

துண்டு போட்ட நாளுக்கு முன்னால், மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றுக்குள் நீ கூப்பிடாத நாளே இல்லை. துண்டு போட்ட நாளுக்குப் பின்னால், கூப்பிட்ட நாளே இல்லை. ஏழு மாதமும் அப்படித்தான். அந்த ஒரு மணி நேரம் வெறுமையாகக் கிடக்கிறது. மூன்று மணி ஒரு நிமிடத்துக்குத் தண்ணி. மூன்று மணி இரண்டு நிமிடத்துக்குத் தண்ணி. மூன்று மணிக்கே தண்ணி. கோடையில் ஒரு நாள் தண்ணி, தண்ணி, தண்ணி என்று ஒரே நிமிடத்தில் மூன்று வரி. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறாய்.

நான் அந்த ஏழு மாதமும் மத்தியானத்தில் நன்றாகத் தூங்கினேன், அக்கா. மின்விசிறிக்கு நேரே பாயைப் போட்டு, குறட்டை விட்டுத் தூங்கினேன். சரோஜா மதினி கேட்டால் "மத்தியானம் மட்டும் அவளுக்கு ஒண்ணும் வேண்டாம் மதினி, அசந்து தூங்கிருவா" என்று சொன்னேன். டாக்டரிடமும் அதையே சொன்னேன். உன் காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டுதான் சொன்னேன். நீ மறுக்கவில்லை. மறுக்க உன்னிடம் பட்டனும் இல்லை. 'வேண்டாம்' என்பதை எப்போதோ விட்டுவிட்டாய்.

இதை அவரிடம் சொல்லிவிட்டேன். துண்டு போட்டது முதல் எல்லாவற்றையும். அவர் லேப்டாப்பை மூடி வைத்தார். பிறகு "அவிய உன்னயத் தூங்க வச்சிருக்காக" என்று மட்டும் சொன்னார். அந்த வரிகளை அழிக்கட்டுமா என்று கேட்டார். அழிக்கச் சொன்னேன். லேப்டாப் வ. புதுப்பட்டிக்குப் போய்விட்டது. அங்கே யாரோ தன் மனைவி குரலில் தண்ணீர் கேட்டுக்கொண்டிருப்பார்.

நீ கொடுத்த அந்தத் தூக்கம் என் உடம்பில்தான் இருக்கிறது. அதைக் கழற்றி வைக்க முடியாது. அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால், நான் உன்னை அப்படியே விட்டுவிட்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறியிருப்பேன் என்றும் எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துதான் கொடுத்தாயோ என்னவோ. நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் எழுத எழுத எனக்குக் கோபம்தான் வருகிறது. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன். முணுமுணுத்துக்கொண்டு, தலையை அள்ளி முடிந்துகொண்டு, உன்னை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, ஆனாலும் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

நீ கூப்பிட்டிருக்கலாம், அக்கா.